கண்ணை மூடினால்தான் தெரியும்

இமைக்குப் பூசும் ஐ ஷேடோ ஒரு விசித்திரமான சரக்கு. கண்ணை மூடினால்தான் முழுதாகத் தெரியும், போட்டுக்கொண்டவரால் மட்டும் அதைப் பார்க்கவே முடியாது.

கோயில் திருவிழா நோம்பிகளில் ராத்திரி ஆடும் நடனக் குழு ஒன்றுக்கு மேக்கப் போடுவது என் பிழைப்பு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். மைக் செட் பெட்டி தூக்கப் போனேன். மேக்கப்காரர் வராத ஒரு நாள் பவுடர் பஃப் என் கைக்கு வந்தது, அப்புறம் போகவில்லை. ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் பிடிக்காமல் தெருத்தெருவாக நடக்கிறவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. கட்டிக்கொடுக்க ஒரு மகளும் இருந்தால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் மகள் கவிதாவுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷம் வந்த இரண்டு வரன்கள், அப்பன் ஆட்டக்காரிகளுக்கு மேக்கப் போடுகிறவன் என்று தெரிந்ததும் நின்றுபோயின. மூன்றாவதாக வந்தது சோமனூரில் தறி ஓட்டும் குடும்பம். தரகர் முன்யோசனைக்காரர். ‘மில்லுல நைட் ஷிப்டு’ என்றே சொல்லிவைத்துவிட்டார்.

கடைப் பெண்ணின் யோசனை

வெளிநாட்டுப் பெட்டி வாங்க எங்கள் குழுவுக்குக் கட்டாது. டவுன்ஹால் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் பிளாஸ்டிக் பெட்டியில் பன்னிரண்டு நிறமும், மூடிக்குள் ஒரு கண்ணாடியும், முனையில் பஞ்சு வைத்த ஒரு குச்சியுமாகக் கிடைக்கும். கடைக்குக் கடை அதே பெட்டிதான், மூடியின் படம் மட்டும் மாறும். ஒரு கடையில் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து, புறங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதினால் பறப்பது மேடையில் நிற்காது.

கடைப் பெண் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தாள். வீட்டுக்காரம்மாவுக்கா, மகளுக்கா, என்ன நிறம் என்று தெரிந்தால் எடுத்துத் தருவேன் என்றாள். யாருக்கென்று விளக்க அலுப்பாக இருந்தது. எனக்குத்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் முகத்தை ஒரு தரம் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உங்களுக்குன்னா ஊதா வேண்டாமுங்க, பச்சை எடுப்பா இருக்குமுங்க.”

கைதட்டல்

கண்ணை மூடிக்கொண்டு முகத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது லேசான காரியமில்லை. எங்கள் குழுவில் மூத்த ஆட்டக்காரியான வசந்தா அப்படிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். பகலெல்லாம் தீப்பெட்டி அளவு வீட்டில் மூன்று குழந்தைகளோடு அவள் எங்கே தூங்க? அவள் இமையில் வேலை செய்யும்போது நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

ஒரு தடவை புதுப் பெட்டியின் நீலத்தை, பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்து அவளுக்குப் போட்டேன். ஆட்டம் சூடானதும் வியர்வையில் தூள் கரைந்து கண்ணுக்குள் இறங்கிவிட்டது. பாதியில் இறங்க முடியாது. பாட்டு முடியும்வரை தாரைதாரையாக நீர் வழிய ஆடினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, ஒருவர் மேடையேறி மாலை போட்டார். இறங்கி வந்து தண்ணீர் வாளியில் முகத்தை முக்கி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். “கண்ணு எரிஞ்சு அழுதனுங்ண்ணா. சோகப் பாட்டுக்குன்னு நெனச்சுப்போட்டாங்க.”

டீக்கடை நிலா

அதற்குப் பிறகு எந்தப் பெட்டி வாங்கினாலும் முதலில் என் இமையில் போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். எரிந்தால் எனக்கு எரியட்டும். இரண்டு கண் இருப்பதால் ஒரே சமயத்தில் இரண்டு விதம் பார்க்கலாம். ஒன்றில் விரல், மற்றதில் பிரஷ். ஒன்றில் வெறும் இமை, மற்றதில் வாசலின் தடவிய இமை. அப்படி ஒரு நாள் இடது இமையில் மட்டும் வெள்ளி நிறம் வைத்திருந்தது மறந்து, விடியற்காலையில் போத்தனூர் டீக்கடை பெஞ்சில் கண்ணயர்ந்துவிட்டேன்.

டீ மாஸ்டர் எழுப்பி டம்ளரைக் கையில் கொடுத்தார். அவரும் எங்களைப் போல ராத்திரி ஆள்தான், எதற்கும் ஆச்சரியப்படாதவர். போகும்போது மட்டும் சொன்னார்: “நீங்க தூங்கறப்ப ஒரு கண்ணுல மட்டும் நெலா காயுதுங்க.”

தலையணை உறை

பகலில் நான் படுத்து எழுந்த தலையணையில் பச்சையும் வெள்ளியும் ஊதாவும் ஒட்டியிருக்கும். என் மனைவி சரசு அதைத் துவைத்துக் கொடியில் போடுவாள். முழுதாகப் போகாது. எங்கள் கணபதி ஏரியா லைன் வீடுகளில் கொடியில் காய்வதுதான் செய்தித்தாள். பக்கத்து வீட்டார் இரண்டு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அவளிடம் ரொம்பப் பரிவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

அன்று எனக்குச் சோறு போடும்போது சரசு சொன்னாள்: “எவ கலருன்னு கேக்கறாங்க. எங்கூட்டுக்காரரு கலருன்னா ஒருத்தரும் நம்ப மாட்டீங்கறாங்க.”

ராகுகாலத்துக்கு முன்னால்

சோமனூர்க்காரர்கள் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலம் கழித்து ஆறு மணிக்கு மேல் வருவதாக ஏற்பாடு. மதியம் சும்மா இருக்க என்னால் ஆகவில்லை. வலது இமையில் வாசலின் தடவிப் பிரஷ்ஷால் பச்சை போட்டேன். இடது இமையைத் துடைத்து, முகப் பவுடர் லேசாகப் பூசி, விரல் நுனியை நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி அதே பச்சையை வைத்தேன். அஸ்பெஸ்டாஸ் கூரையடியில் வியர்க்க உட்கார்ந்தேன். எது நிற்கிறதென்று பார்த்துவிட்டு ஐந்து மணிக்குக் கழுவிக்கொள்ளலாம்.

அவர்கள் ராகுகாலம் கழித்து வரவில்லை. அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். குளியலறைக்கு ஓடிச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வலது இமையில் பச்சை மடிப்புகளுக்குள் திரண்டு பாசி மாதிரி நின்றது. இடது இமையில் அசையவே இல்லை. பல மாதமாகத் தேடிய ஒட்டல் அன்றைக்குத்தான் கிடைக்க வேண்டுமா? துடைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டும். அந்தப் பாட்டிலோ விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த அறையில், கண்ணாடி மாடத்தில்.

இமைக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி. தலையைக் குனியாமல், கண்ணை விரித்தபடியே கும்பிட்டேன். பையனின் அப்பா மில் விவரம் கேட்டார். எந்த ஷிப்டு, எந்த டிப்பார்ட்மெண்ட் என்று கேட்கக் கேட்க, தரகர் எனக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் கண்ணில் நீர் முட்டி வழிய ஆரம்பித்தது. பையனின் அப்பா மனமிளகி, “புள்ளைய இன்னுங் கட்டிக் குடுக்கவே இல்லீங்க, அதுக்குள்ள அழுதா எப்படிங்க?” என்றார். வசந்தாவுக்குக் கிடைத்த கைதட்டல் எனக்கும் கிடைத்துவிட்டது. முகத்தைத் துடைத்தேன், துடைக்கும்போது கண் மூடத்தானே செய்யும். மூடித் திறந்தபோது அறையில் பேச்சு நின்றிருந்தது.

காபித் தட்டோடு கவிதா வாசற்படியில் நின்றாள். தரகரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டை நீட்டியபடியே, யாரும் கேட்காமல் சொன்னாள்: “எங்கப்பா மேக்கப் போடறவருங்க. ஆடறவங்க கண்ணுக்கு எரியக் கூடாதுன்னு மொதல்ல அவருக்குப் போட்டுப் பாப்பாருங்க.”

தரகர் தரையைப் பார்த்தார். காபியை எல்லோரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மூன்றாவதும் போயிற்று என்று எழுந்து வழியனுப்ப நடந்தேன். இனி மறைக்க ஒன்றுமில்லாததால் ஆசை தீர இமைத்துக்கொண்டேன். பையனின் அம்மா அதுவரை பேசாதவர். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, என் முகத்துக்கு நேரே வந்து, கண்ணை மூடச் சொன்னார். மூடினேன்.

“சம்பந்தி, கண்ணாலத்தன்னைக்குப் புள்ளைக்கு எடது கண்ணுல இருக்கறாப்பலயே போட்டு உடுங்க. வலது கண்ணு நல்லால்லீங்க.”

செய்கிற தொழிலை ஊருக்கு மறைக்க வேண்டுமென்றால் கண்ணை இமைக்காமல் இருக்க வேண்டும். அது ஒரு டம்ளர் காபி ஆறும் நேரத்துக்கு மேல் நம்மில் யாராலும் முடியாது.