சாம்பார் பாத்திரத்தில் திறந்த வால்வு

பிள்ளைகளே, அந்த ஞாயிற்றுக்கிழமை சாம்பார் பாத்திரத்தில் அப்பா இரும்பு வேகவைத்த கதையை நம் ஜாதவ்பூரில் பாதிப் பேரிடம் சொல்லிச் சிரித்துவிட்டீர்கள். ஏன் வேகவைத்தேன் என்பதை நான் சொன்னதில்லை. வங்காளம் படிக்கிற வேகத்தில் உங்களுக்குத் தமிழ் வராது. நிதானமாகப் படியுங்கள்.

போன ஜனவரிப் பனியில், கிடர்பூரில் எங்கள் பட்டறை பார்த்துக்கொள்ளும் லாஞ்சில், அந்த ஆற்று மோட்டார் படகில், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. மெதுவாகப் போனால் நாற்பதுக்கு இறங்கும். நீரோட்டத்தை எதிர்த்து முடுக்கினால் அறுபத்தைந்துக்கு ஏறும். வெள்ளைப் புகை வேறு. லாஞ்சை ஓட்டியவர் ஒரு வங்காளி. எங்கள் எல்லோருக்கும் தாதா, அதாவது அண்ணன். ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். "முள்ளு எங்கவே ஆடுது? தாதாவுக்குக் கையும் கண்ணும்லா ஆடுது. திங்கக்கிழமையிலருந்து ஸ்டோர்ல உக்கார வச்சிருவோம்" என்றார்.

தாதா என்னிடம் வங்காளத்தில் கெஞ்சினார். "தம்பி, ஆத்த விட்டுட்டு நான் நட்டு எண்ணிக்கிட்டு உக்காரணுமா? நீ ஒரு தடவை பாரேன்."

மீட்டரை மாற்றினேன். முள் அப்படியே ஆடியது. ஆற்றுத் தண்ணீரை இழுக்கும் வடிகட்டியில் கொஞ்சம் சாமந்திப்பூ, வைக்கோல், அடைப்பில்லை. பெல்ட்டும் சரி. கடைசியில், இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்ததுமே உள்ளே தண்ணீர் ஓடியது. அப்படி ஓடக் கூடாது. இன்ஜின் சூடாகும்வரை அந்த வழியை மூடிவைக்க அங்கே ஒரு வால்வு இருக்க வேண்டும்.

மே மாதம் இன்ஜின் கொதித்தபோது அந்த வால்வைக் கழற்றியதே நான்தான். இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று எல்லாப் பட்டறையிலும் கழற்றுவார்கள். கந்தலில் சுற்றி டப்பாவில் போட்டவன் மறந்தே போனேன். கோடையில் குறை தெரியவில்லை. ஆறு குளிர்ந்ததும் தெரிந்தது.

அது வெள்ளிக்கிழமை. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. வால்வு இன்னும் வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

"சாம்பார் வைக்கிற பாத்திரங்க அது!" என்றாள் உங்கள் அம்மா.

"கழுவிட்டேன்மா."

"எத? பாத்திரத்தையா, அந்தக் கருமத்தையா?"

ஞாயிற்றுக்கிழமை அதை நூலில் கட்டி, அடுப்பில் வைத்த தண்ணீரில் பட்டறைத் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டோம். எழுபத்தைந்து டிகிரி வரை சும்மா கிடந்தது. பிறகு, ஒருவரும் தொடாமல், மெல்லத் திறந்தது. பாப்பா, நீ கேட்டாய்: "அப்பா, யாரு தொறந்தா?"

உள்ளே துளி மெழுகு இருக்கிறது. சூட்டில் அது பருத்துத் தள்ளுகிறது. அவ்வளவுதான். இருபது வருடமாக இவற்றைக் கழற்றி வீசியிருக்கிறேன். ஒன்றுகூடத் திறப்பதை நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைத்ததும் தானாக மூடிக்கொண்டது. நான்கு முறை ஏற்றி இறக்கினோம். நீங்கள் கேட்டதால் என்று அம்மாவிடம் சொன்னேன். எனக்குத்தான் ஆசை.

திங்கட்கிழமை எல்லோரும் வருமுன்பே போய் அதை மாட்டினேன். சூப்பர்வைசரும் ஏறிக்கொண்டார். ஹவுரா கரை பனியில் தெரியவில்லை. முள் ஏறியது, எழுபத்தாறில் நின்றது. தாதா முடுக்கினார், தளர்த்தினார். முள் அசையவில்லை. அதுவரை குளிர்ந்து கிடந்த குழாயில் இப்போது வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஓடியது. ஆறு முழுக்கக் குளிர். அதற்கு நடுவே கட்டைவிரல் அளவுப் பொருள் ஒன்று, எவ்வளவு விடுவது என்று அறிந்து விடுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"என்னவே பண்ணின?"

"மே மாசம் நான் கழட்டுனத மாட்டினேன் சார். தாதா மேல தப்பில்ல."

"என்ன சொல்றான்?" என்று தாதா கேட்டார். வங்காளத்திலும் ஒருமுறை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவைதான் கஷ்டமாக இருந்தது.

தாதா சூப்பர்வைசரைப் பார்த்து, "ஸ்டோர்ல இடம் காலியா இருந்தா இவனை உக்கார வைங்க" என்றார். சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். தாதா சிரிக்கவில்லை, லாஞ்சை நடு ஆற்றுக்குத் திருப்பினார்.