யார் ஜாடை

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே வரிசை, அதே இயந்திரம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாலு வயதில் ஒரு மகள். ஓயாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருப்பதால் சுண்டெலி என்று கூப்பிடுவார்கள்.

மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு வந்த நாத்தனார்தான் முதலில் ஆரம்பித்தாள். "நம்ம வீட்டுல யாருக்கும் சுருட்டை முடி கிடையாது. இது யார் ஜாடைன்னே தெரியலையே!" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் தலை நிமிராமலே கேட்டான்: "உங்க சூப்பர்வைசருக்குச் சுருட்டை முடிதானே?"

எப்போதோ மழைநாளில் அந்த சூப்பர்வைசர் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டிருந்தார். அவ்வளவுதான். அவள் சண்டை போட்டாள், அழுதாள், தன் அம்மாவுக்கு ஃபோன் செய்து புலம்பினாள். அவன் மகளைத் தூக்குவதை நிறுத்தினான். நாள் போகப்போக அவளுக்கு அழுகையும் வரவில்லை.

"ஒரு டெஸ்ட் எடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது" என்றான் கடைசியில்.

"எல்லாருக்கும்னா யாருக்கு?"

அவன் பரிசோதனைக்கு நாள் குறித்தான். அவள் அரைநாள் விடுப்பு எடுத்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் ஊழியர் நீளமான பஞ்சுக்குச்சியோடு வந்தார். சுண்டெலி அதை உற்றுப் பார்த்தாள். "இது காது குடையுற குச்சிதானே? வாயில ஏன் விடுறீங்க?"

"இது வாய்க்குன்னே செஞ்சது கண்ணு. ஆ காட்டு."

கன்னத்தின் உள்பக்கம் இரண்டு தடவை தேய்த்து எடுத்தார். பிறகு அவனுக்கும் தேய்த்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். 'குழந்தைக்கு என்ன உறவு' என்ற இடத்தில் பேனா நின்றது.

"அப்பான்னு போடுங்க சார். ரிசல்ட் வர்றது வரைக்கும் அப்படித்தான் எழுதுவாங்க."

போட்டான். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்தில் உறை வந்தது. அவன் நின்றபடியே பிரித்துப் படித்தான். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "சுண்டெலி என் பொண்ணுதான்."

"ஆமா" என்றாள் அவள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமோ கோபமோ ஏதாவது ஒன்று வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. மீதித் துணியையும் மடித்து வைத்தாள்.

மறுநாள் நாத்தனார் ஃபோன் செய்தாள். "நான் அன்னைக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன் அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க."

"சரி" என்றாள்.

அவன் மாறிப்போனான். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டே திரிந்தான். ஒரு வருஷம் தன்னைத் தொடாத அப்பாவிடம் சுண்டெலியும் எதுவும் கேட்காமல் ஒட்டிக்கொண்டாள். அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னும் கோவமா இருக்கியா?" என்று ஒருநாள் கேட்டான்.

"கோவமெல்லாம் இல்ல." அது உண்மைதான். "ஃபேக்டரிக்குப் பக்கத்துல ஒரு வீடு பார்த்திருக்கேன். நானும் அவளும் அங்க போறோம்."

"அதான் ரிசல்ட் வந்துடுச்சே?"

"அது உனக்கு வந்தது. எனக்கு முன்னாடியே தெரியும்."

அவன் தடுக்கவில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றக்கூட உதவினான்.

இப்போது ஞாயிறுதோறும் வந்து மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறான். வாசலில் நின்று "வரட்டுமா?" என்பான். "ம்" என்பாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டுப் படுப்பாள். மூன்று மணி நேரம், கனவுகூட வராமல், தூங்குவாள்.