விட்டம் பத்தடி

இடுப்புக்குக் கீழ் உணர்வு அற்றுப்போன பிறகு என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்தில் எட்டுப் பக்கம் கொண்ட ஒரு சிறு மண்டபம். ஆம்பூரில் தோல் பதனிடும் கூடங்களின் வாடை எத்திசைக் காற்றில் வரும் என்று சொல்ல இயலாது. ஏழு பக்கம் சாளரம், ஒரு பக்கம் வாயில். வாடை வரும் பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு அமர்ந்திருக்கலாம் என்பது அவள் எண்ணம்.

அளவுகளை நானே வகுத்தேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே உள்ளளவு பத்தடி எனில், ஒவ்வொரு பக்கமும் நான்கடி இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறையும். மூன்றடி வாயில் அதில் தாராளமாக அமையும். அவளுடைய சக்கர நாற்காலி உள்ளே சென்று திரும்பும். ஆயினும் தாளில் எண்கோணத்தை வரைந்து, ‘விட்டம் பத்தடி’ என்று மட்டும் எழுதினேன். ஏனைய அளவுகள் அதிலிருந்தே பிறக்கும். அவற்றைக் குறிப்பது மிகை என்று கருதினேன். பள்ளிகொண்டாவிலிருந்து வந்த மேஸ்திரியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, அவளுடன் வேலூர் மருத்துவமனைக்குச் சென்றேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினோம். மண்டபம் எழுந்திருந்தது. நாற்காலியைத் தள்ளிச் சென்றேன். வாயில் நிலையில் இரு சக்கரங்களும் இடித்து நின்றன.

“மேஸ்திரி, பத்தடி விட்டம் எங்கே?”

அவர் கூரையைக் காட்டினார். “தோ, தலைக்கு மேல பாருங்க சார். பத்தடி விட்டம், ஒரு இஞ்சு கம்மியில்ல. செவுத்துக்கு வெளிய ரெண்டு பக்கமும் ஒரு அடி நீட்டி வுட்டுருக்கேன். வாசலுக்கு ரெண்டடிதான் மிஞ்சுச்சு.”

கூரை தாங்கும் மரமும் விட்டமே என்பது நான் அறியாததா?

“நான் குறித்தது குறுக்களவை.”

“அப்ப குறுக்களவுன்னே எழுதறதுக்கு இன்னா சார்?”

நாற்காலியிலிருந்து அவள் சிரித்தாள். “அவுரு தமிழு கட்டின பொண்டாட்டிக்கே புரியல மேஸ்திரி, உங்களுக்கு எங்க புரியப்போவுது?” சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: “மாத்திக் கட்ட எத்தினி நாளு ஆவும்?”

“ஒரு மாசம் ஆவும்மா.”

அவள் சாளரங்களை வெளியிலிருந்தே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் அழைத்துப்போகச் சொன்னாள்.

இம்முறை பக்கம், வாயில், சுவர்க்கனம் அனைத்தையும் தனித்தனியே எழுதிக் கொடுத்தேன். ஓர் அங்குலமும் பிசகாமல் அந்த மாதத்திலேயே கட்டி முடித்தார். ஆனால் இரண்டாம் வாரத்திலேயே அவளால் உட்கார இயலாமற் போயிற்று. இனிப் படுக்கையை விட்டு எடுக்கவே கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

நாள்தோறும் காலையில் கேட்கிறாள்: “இன்னாங்க, முடிஞ்சிச்சா?”

“இன்னும் பூச்சு காயவில்லை” என்கிறேன்.