ஏற்காட்டில் இனி நான் பிரியாணி போடக் கூடாதாம்!

இன்றைக்கு எங்கள் ஓட்டலைக் கைமாற்றிக் கொடுக்க வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது...

இருங்கள், முதலில் இருந்து சொல்கிறேன். (நேரம் இல்லாதவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் பிரியாணிக் கடை. கல்லாவில் என் வீட்டுக்காரர், அடுப்படியில் நான். கல்யாணமாகி மலையேறிய நாளில் இருந்து அதுதான் என் ஆபீஸ்.

இப்போது இவருக்கு முழங்கால் போய்விட்டது. மலைக்குளிர் ஆகவில்லை. சேலத்துக்கே வந்துவிடுங்கள் என்று டாக்டரும் மகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சரி, கடையை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து ஒரு புரோக்கரிடம் சொல்லி வைத்தோம்.

ஓட்டல் வியாபாரம் எவ்வளவு மாறிவிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது!

முன்பெல்லாம் கடை வாங்க வருகிறவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார். இப்போது முதலில் போனை எடுக்கிறார்கள். நெட்டில் எத்தனை ஸ்டார், வீடியோ எடுக்க வெளிச்சம் விழுமா, கார் நிறுத்த இடம் உண்டா, ஜன்னலில் இருந்து ஏரி தெரியுமா. (தெரியாது. எட்டிப் பார்த்தால் எதிர்க்கடைத் தண்ணீர் டேங்க் தெரியும்.)

பெங்களூரில் இருந்து ஒருவர் மே மாத ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் இன்றைக்கே அட்வான்ஸ் தருகிறேன் என்றார். மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையும் வந்து பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார். பெங்களூர்க்காரரும் சொன்னபடி வந்தார். மேகமூட்டத்துக்குள் காலி மேசைகளைப் பார்த்தார். போனவர் போனவர்தான்.

அதில்கூட எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்லி விற்றால் சோறு செரிக்காது.

உறுத்தியது வேறு. வந்தவர்களில் ஒருத்தர்கூட என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விலை பேசினார். புரோக்கர் அவரிடம் என் காது படவே சொன்னார்:

"மாஸ்டரப் பத்திக் கவலப்படாதீங்க. ஆள மாத்திக்கலாம். ரோட்டு மேல இடம் இருக்குதுல்லங்க, அதுக்குத்தான் வெல."

அந்த மாஸ்டர் நான்தான்!

இத்தனை வருஷம் அடுப்படியில் வெந்தது நான், விலை மட்டும் ரோட்டுக்கா என்று வீட்டுக்காரரிடம் பொருமித் தீர்த்தேன். அவர் கல்லாவில் சில்லறையை எண்ண ஆரம்பித்தார். (வாயைத் திறந்திருந்தால் அதற்கும் சண்டை போட்டிருப்பேன்.)

அப்புறம் வந்தவள்தான் திலகா. ஏற்காட்டுக்குப் பக்கத்து ஊரான நாகலூர்க்காரி. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு வைத்திருக்கிற குடும்பம். எஸ்டேட் ஆட்களுக்குச் சமைத்துப் பழகிய கை. யாரும் சொல்லாமலே ஒரு மழை நாளாகப் பார்த்து வந்தாள். மூலை மேசையில் உட்கார்ந்து பேசாமல் சாப்பிட்டாள். பிரியாணிக்கு ஊற்றிக்கொள்ளும் தால்சா மட்டும் இன்னொரு கரண்டி கேட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தாள். அப்போதும் தால்சா.

அதற்கப்புறம்தான் கடையைக் கேட்டாள். டூரிஸ்ட் வராத நாளில் யார் சாப்பிட வருவார்கள் என்று விசாரித்தாள். பஸ் டிரைவர், கண்டக்டர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், பார்சல் வாங்கும் டீச்சர்கள் என்று சொன்னேன். பின்கட்டில் சாக்கடை அடைக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். கட்டடம் வாடகைதான் என்பதால் ஓனர் வீட்டுக்கே போய், வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தருவாரா என்று நேரில் கேட்டுக்கொண்டாள். (கடை வாங்கப் போகிறவர்களே, ஓனரிடம் நேரில் பேசாமல் அட்வான்ஸைக் கையில் எடுக்காதீர்கள்.)

விலை படிந்தது. சாவியை அடுத்த மாதம் கொடுப்பது, அதுவரை நான் கூட நின்று பக்குவம் சொல்லிக் கொடுப்பது என்று பேச்சு.

இன்றைக்கு வக்கீல் எல்லாவற்றையும் வாசித்து முடித்தார். திலகா அவர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் டைப்பிஸ்ட்டிடம் இன்னொரு நிபந்தனை சேர்க்கச் சொன்னார். அடுத்த மூன்று வருஷத்துக்கு நான் ஏற்காட்டில் எந்தச் சாப்பாட்டுக் கடையும் வைக்கக் கூடாதாம்.

எனக்குச் சுருக்கென்றது. அவளிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன் கண்ணு, நாங்க சேலம் போறோம்னு தெரியுமல்ல. எம்மேல நம்பிக்க இல்லியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"உங்க மேல நம்பிக்க இருக்குதுங்கக்கா. உங்க கை மேலதானுங்க நொம்பப் பயமா இருக்குது. அண்ணனுக்குக் காலு நல்லாயி நீங்க திரும்பி வந்து எதுத்தாப்புல ஒரு அடுப்பப் பத்த வெச்சீங்கன்னா, ரோட்டு மேல இருக்கற இடத்த வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

நான் கூட வந்திருந்த புரோக்கரைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

இப்போதெல்லாம் விவரமானவர்கள் இதை எழுதி வாங்காமல் கடை வாங்குவதில்லை என்று வக்கீல் எனக்குச் சமாதானம் சொன்னார். சமாதானம் எதற்கு? எனக்குப் பெருமையில் கண்ணே கலங்கிவிட்டது. எங்களுக்கு இந்தக் கடையை விற்றவரிடம் நாங்கள் இப்படி எதுவும் எழுதி வாங்கவில்லை. அவர் சமையலுக்கு யார் பயந்தார்கள்?

மூன்று வருஷத்தை ஐந்தாக மாற்றச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். என் கைக்கு மூன்று வருஷம் எந்த மூலைக்கு?

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். கடை வாசல் வந்தது. அங்கே நின்றுகொண்டு கேட்டார்:

"ஏம்மா, அந்தத் தடை ஏற்காட்டுக்கு மட்டுந்தான?"

ஆமாம், ஏற்காட்டுக்கு மட்டும்தான்!

சேலத்து நண்பர்களே, சின்னதாக ஒரு கடைக்கு இடம் காலியாக இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள்.

ரோட்டு மேல் இருக்க வேண்டும் என்று இல்லை.