தறியோரம் வாசித்த எருமைக் கதை

எங்கள் வீட்டில் தப்பித்து ஓட வழியில்லாத ஆள் ஒருவர்தான் இருந்தார். அது அப்பா. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அம்மாவைப் பிடிக்கவே முடியாது. அடுப்படியில் இருக்கிறாளே என்று போனால் குழாயடியில் நிற்பாள், அங்கே போனால் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருப்பாள். தம்பி கைக்குழந்தை. அவனைப் பொறுத்தவரை புத்தகம் என்பது தின்கிற பண்டம். ஆகவே சித்தி போட்ட சட்டத்தில் அப்பாதான் வகையாக மாட்டினார்.

சித்தி அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. சின்னாளபட்டியில் எங்கள் தெருவிலேயே தாத்தா வீட்டில் இருந்தாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு நூல் மில்லுக்குப் போனாள். விடிவதற்கு முன்னால் தெருமுனையில் மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவாள். பஞ்சுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமிப் பாதி ஆளாக வீட்டுக்குத் திரும்பினாள். அந்த நேரத்தில்தான் திண்டுக்கல்லில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனம், பிள்ளைகளுக்கு வாசிப்பு மையம் தொடங்குகிறோம் என்று எங்கள் தெருவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளைச் சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் உட்காரவைத்துக் கதைப் புத்தகம் வாசிக்கப் பழக்க வேண்டும். அந்த வேலை சித்திக்குக் கிடைத்தது. கூடவே ஒரு தகரப் பெட்டி நிறையப் படம் போட்ட புத்தகங்களும் வந்தன. பெட்டியைத் திறந்தால் புதுக் காகித வாசனை குப்பென்று அடிக்கும். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும்.

சித்தி போட்ட சட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் வீட்டில் யாராவது ஒருவருக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தோமா இல்லையா என்று எங்களைக் கேட்க மாட்டாள். கேட்டவர்களைக் கேட்பாள்! தெருவில் போகிறபோதே ஆளை மடக்கி, "பெரியம்மா, அந்தக் குரங்கு கடைசியில என்ன செஞ்சுச்சு?" என்பாள். பதில் வராவிட்டால் பிள்ளைக்கு அடுத்த வாரம் புத்தகம் கிடையாது. சித்தி தூரத்தில் வருவதைப் பார்த்தாலே பெரியவர்களெல்லாம் சந்துக்குள் நழுவினார்கள். வரி கட்டாதவன்கூட அப்படி ஒளிந்திருக்க மாட்டான்.

அப்பா மட்டும் ஒளியவில்லை. எனக்குக் கிடைத்தது ரயிலில் ஏறிய ஓர் எருமையின் கதை. அது பிடித்துப்போய் மறுபடி மறுபடி அதையே எடுத்துவருவேன். சித்தி வாசலில் நின்றபடி, "மாமா, எருமை எதுக்கு ரயிலேறுச்சு?" என்று கேட்டாள்.

"கடல்ல குளிக்கத்தான். குட்டையில கெடந்து சலிச்சுப் போச்சாம். உப்புத் தண்ணின்னு பாவம் அதுக்கு இன்னும் தெரியாது" என்றார் அப்பா, தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஓடுகிற தறியோரம் உட்கார்ந்து வாசிப்பதென்றால் லேசுப்பட்ட காரியமில்லை. அடித்தொண்டையிலிருந்து கத்த வேண்டும். டடக்கு என்று ஒரு அடி விழும், 'எருமை' என்பேன். டடக்கு, 'ஒன்று' என்பேன். டடக்கு, 'ரயிலில்'. டடக்கு, 'ஏறியது'. அடிக்கு ஒரு சொல். தறிச் சத்தம் என் கையைப் பிடித்து அடுத்த சொல்லுக்கு இழுத்துக்கொண்டு போகும். எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் இப்படித்தான், தலையை ஆட்டி ஆட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தோம். சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்தாலும் சுற்றி எட்டு வீட்டுத் தறிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டுதான் இருக்கும்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எதிர்வீட்டுப் பெரியப்பாவின் தறி எப்போதும் குதிரை ஓட்டம். எங்கள் அப்பாவும் காலையில் அதே ஓட்டம்தான் ஓட்டுவார். சாயங்காலம் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் தறி மாட்டு வண்டியாகிவிடும். போதாக்குறைக்கு அடிக்கடி நூல் அறுந்துபோகும். அதுவும் எப்படி? 'டிக்கெட் பரிசோதகர்' என்று ஒரு சொல் அந்தக் கதையில் வரும். அந்த மனிதரைத் தாண்ட எனக்கு நாக்குத் தள்ளிவிடும். சரியாக அந்த இடத்தில் தறி நின்றுவிடும். "நூல் அறுந்துருச்சு தாயி, செத்த நேரம் இரு" என்பார் அப்பா. நான் அதற்குள் ப, ரி, சோ என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடித்துவிடுவேன். எனக்கு என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வேன். இப்படி மட்ட நூலாகக் கொடுக்கிறாரே என்று முதலாளியை மனதுக்குள் திட்டவும் செய்வேன்.

அம்மா வெளியே கேட்கவே திட்டுவாள். "சேலையை என்னைக்குத்தான் நெஞ்சு முடிச்சு அறுத்துக் குடுக்கப் போறீக? முதலாளி ஆளு வந்து வந்து போறாரு. காலையில நல்லாத்தான ஓட்டுறீக, பொழுது சாஞ்சா மட்டும் என்ன இம்புட்டு அசமந்தம்?" என்பாள். அப்பாவைத் திட்டும்போது ஏனோ என்னைத்தான் பார்ப்பாள். அப்பா சிரிப்பார். பாவம், மனுஷன் களைத்துப்போகிறார் என்று எனக்கு இரக்கம் வந்து, என் பங்குக் கடலைமிட்டாயில் பாதியை உடைத்து அவர் வாயில் போட்டேன்.

முழுப்பரீட்சை நெருங்கும்போது சித்தி முகம் சுண்டிப்போய் வந்தாள். சென்னையிலிருந்து இரண்டு பேர் மையத்தைப் பார்க்க வருகிறார்களாம். பிள்ளைகள் நன்றாக வாசித்தால் மையம் அடுத்த வருஷமும் நடக்கும். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். "பெட்டி போச்சுன்னா நான் திரும்பவும் மில் வேன்தான்க்கா" என்று அம்மாவிடம் சொன்னாள். அந்த ஹாரன் சத்தத்தை நினைத்தாலே எனக்குச் சித்தியின் இருமலும் சேர்ந்து கேட்டது.

அவர்கள் வருகிற அன்றைக்குச் சித்தி நல்ல சுங்குடிச் சேலை கட்டி, பூ வைத்து, கூடத்து வாசலில் கோலம் போட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. கண்ணாடி போட்ட ஒரு சாரும் கைப்பையோடு ஓர் அம்மாவும் காரிலிருந்து இறங்கினார்களோ இல்லையோ, சித்தியைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கப் பரவிவிட்டது. அத்தனை பேரும் தறியை நிறுத்திவிட்டுச் சமுதாயக் கூடத்து ஜன்னலில் வந்து தொங்கினார்கள்.

"மாப்பிள்ளைக்குத் தலை நரைச்சிருக்கேடி" என்றது ஒரு குரல்.

"மாப்பிள்ளையோட அப்பாவா இருக்கும். கூட வந்திருக்கிறது அத்தைக்காரி" என்று இன்னொரு குரல் தீர்ப்புச் சொன்னது. எதிர்வீட்டுப் பெரியம்மா யாரும் கேட்காமலே கேசரி கிண்டிக் கொண்டுவந்துவிட்டாள். வந்தவர்களும் இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று வாங்கிச் சாப்பிட்டார்கள்.

முதலில் பெரியப்பா மகன் எழுந்தான். வழக்கம்போல் அடித்தொண்டையில், "குரங்கு!" என்று ஒரு கத்துக் கத்தினான். சாரின் கையிலிருந்த கேசரி மடியில் விழுந்தது. அதோடு சரி. இவன் அடுத்த அடிக்காகத் தலையை ஆட்டியபடி காத்துக்கொண்டு நின்றான். அடி விழவில்லை. அப்புறம்தான் எனக்கே உறைத்தது, கூடத்தைச் சுற்றி ஒரு தறிகூட ஓடவில்லை. நான் பிறந்ததிலிருந்து எங்கள் தெரு அப்படி வாயடைத்துக் கிடந்து பார்த்ததில்லை. அடுத்து வந்த இரண்டு பேரும் ஒரு வரிக்கு மேல் போகவில்லை. பிறகு என் முறை. 'எருமை' என்றேன். அடுத்த சொல் கண்ணுக்கு நேரே இருக்கிறது, தெரிகிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. என் மூச்சு எனக்கே கேட்டது. சார் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

சித்தியைப் பார்த்தேன். சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ! "சித்தி, எங்க வீட்ல போயி வாசிக்கட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"வீட்ல என்ன பாப்பா இருக்கு?" என்றார் அந்த அம்மா.

"அங்க எங்கப்பா இருக்காரு" என்றேன்.

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாவோ எழுந்தேவிட்டார். எங்கள் வீடு தெருவின் மறுகோடியில். முன்னால் நான், எனக்குப் பின்னால் சித்தி, அவளுக்குப் பின்னால் விருந்தாளிகள், அவர்களுக்குப் பின்னால் கேசரித் தட்டோடு தெருவே ஊர்வலம் வந்தது. வீட்டை நெருங்க நெருங்கத் தறிச் சத்தம் கேட்டது. தெருவிலேயே தறியை நிறுத்தாத ஆள் அப்பா ஒருவர்தான். அன்றைக்குச் சாயங்காலம் சேலையைக் கொடுத்தாக வேண்டும் என்று முதலாளி கெடு வைத்திருந்ததால், குதிரை ஓட்டம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் நேரே போய் என் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். அப்பா என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். குதிரை நடையைக் குறைத்தது. டடக்கு. எருமை. டடக்கு. ஒன்று. அப்புறம் எனக்கென்ன பயம்! எருமை ரயிலேறியது, ஜன்னலோர இருக்கை கேட்டது, வாலால் விசிறிக்கொண்டது. பரிசோதகர் வந்தார். டக்கென்று தறி நின்றது. "நூல் அறுந்துருச்சு தாயி" என்றார் அப்பா. நான் அவசரமில்லாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி அந்த மனிதரை அனுப்பிவைத்தேன். தறி மறுபடி ஓடியது. எருமை கடலில் இறங்கி, ஒரு வாய் குடித்து, தூவென்று துப்பியது வரைக்கும் வாசித்து முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். சார் கை தட்டினார். ஜன்னலில் நின்றவர்கள், மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்துவிட்டார்கள் என்று நினைத்து அதைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

அந்த அம்மா மேல்தான் எனக்குக் கோபம். நான் தொண்டை கிழிய வாசிக்கிறேன், அவர் என்னையும் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. குழிக்குள் குனிந்து, தறி மிதிக்கிற அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைக் கும்பிட்டார். வாசித்தது நான், கும்பிடு அவருக்கா?

கொஞ்ச நாளில் திண்டுக்கல் ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. மையம் நடக்கும், சித்திதான் நடத்துவாள். மில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் தெருவைத் தாண்டிப் போனது, சித்தி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். என்னைக் கட்டிக்கொண்டு, "என் வேலையைக் காப்பாத்திட்டியேடி!" என்று முத்தமிட்டாள். நானும் வெட்கமில்லாமல் அதை ஒப்புக்கொண்டேன். ஓடுகிற தறிக்கு ஈடுகொடுத்து வாசிக்கிற பிள்ளை இந்தச் சின்னாளபட்டியிலேயே நான்தான் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அன்றைய சேலை கெடு தவறிப்போய், முதலாளி ஆள் வாசலில் நின்று சத்தம் போட்டதும், அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்ததும் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

நெசவாளி வீட்டுப் பிள்ளை நான். தறியில் நூல் அறுந்தால் என்ன செய்வார்கள் என்று நடக்கப் பழகுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். குனிந்து, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்ட பிறகுதான் மறுபடி மிதிப்பார்கள். அத்தனை சாயங்காலங்களில், அத்தனை முறை அறுந்த நூலுக்கு, அப்பா ஒரு தடவைகூடக் குனிந்து முடிச்சுப் போட்டு நான் பார்த்ததில்லை.