கோப்பின் தேதி ஒன்று சொன்னது, ஸ்டெல்லா அக்கா ஒன்று சொன்னார்

எங்கள் அச்சு யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் "கடைசி அச்சுக்கு முன் எதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். காரணத்தை எழுதிவைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

1. நடுப்பக்கம்

ஒரு சனிக்கிழமை மதியம். அச்சான கையேட்டுக் கட்டுகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஸ்டெல்லா அக்கா ஒரு பிரதியை எடுத்து நடுவில் திறந்தார்.

"ஐயோ, ரேவதி, இது பழசுல்லா?" என்றார்.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். விழிஞ்ஞம் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு கட்டுமான ஒப்பந்தக்காரரின் தள அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். மலையாளம், தமிழ் இரண்டும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் அங்கே எடுத்தார்கள். தளத்தில் வேலை செய்பவர்களில் பலர் தென்தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டை அவர்தான் தமிழில் எழுதினார். ஆரியசாலையில் மிளகாய் மொத்தக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் யூனிட்டில் அதைக் கோத்து அச்சடித்தோம்.

நடுப்பக்கத்தில் கிரேன் சைகைகள். ஒருவர் கீழே நின்று கையால் காட்டுவார். மேலே ஆபரேட்டர் அதைப் பார்த்து இயக்குவார். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் சுமையைத் தூக்க வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் கிரேனின் நீண்ட கையை, அதாவது பூமை, உயர்த்த வேண்டும். கையில் எடுத்தால் தானாக அங்கே திறக்கட்டும் என்றுதான் அதை நடுவில் வைத்திருந்தேன்.

முதல் ப்ரூஃபில் இந்த இரண்டு படங்களின் கீழே இருக்கும் வரிகள் இடம் மாறியிருந்தன. அதைக் கண்டுபிடித்தவரே ஸ்டெல்லா அக்காதான். எங்கள் மேசைக்கு முன்னால் நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "இப்படிக் காட்டினா பூம் ஏறும். நம்ம புக்ல சுமை ஏறும்னு போட்டிருக்கு. கீழ நிக்கிறவன் தலைக்கு என்ன கதி?" என்றார். அந்தப் பகுதியின் டெக்ஸ்ட் கோப்பைக் கொடுத்தோம். அலுவலகக் கணினியில் திருத்தி, பென்டிரைவில் கொண்டுவந்து தந்தார்.

இப்போது அச்சான பிரதியில் அதே பழைய வரிகள்.

2. கவுன்டரில் நடந்தது

கட்டுகளை எடுக்க அவரோடு வந்தவர் அவருடைய மேலதிகாரி, சேஃப்டி இன்ஜினியர் அனில் சார்.

"எந்தா ஸ்டெல்லா இது? நீ சரியாக்கிக் கொடுத்துன்னுதானே என்கிட்ட சொன்னே?"

"கொடுத்தேன் சார். என் கையால திருத்தினேன்."

"பின்னே இது யாரு அடிச்சது, பூதமா? திங்கட்கிழமை புதிய ஆளுங்க ஐம்பது பேர் ஜாய்ன் பண்றாங்க. இதைக் காட்டி நான் கிளாஸ் எடுக்கணுமா?"

என்னோடு வேலை செய்யும் வினோத்தான் கடைசி அச்சுக்கான கமாண்டை ஓட்டியவன். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். அப்போதே கமாண்ட் அடிக்கும் டெர்மினலைத் திறந்து அந்தக் கோப்பின் தேதியைப் பார்த்தான்.

"சேச்சி, இது நோக்குங்க. நாம ப்ரூஃப் கொடுத்ததுக்கு முந்தின வாரத்து தேதி. நீங்க பழைய ஃபைலைத்தான் பென்டிரைவ்ல போட்டிருக்கீங்க."

"இல்ல தம்பி."

"கம்ப்யூட்டர் கள்ளம் பறயாது சேச்சி."

"அப்போ நான் கள்ளம் சொல்றேனா?"

அனில் சார் திரையைப் பார்த்தார், பிறகு ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"மதி, போதும். திங்கட்கிழமை வர வேண்டாம் ஸ்டெல்லா. ஆஃபீஸுக்கு வேற ஆளை நான் பார்த்துக்கொள்ளாம்."

அந்தக் கையேடு நன்றாக வந்தால் வேலையை நிரந்தரமாக்கப் பேசுவதாக அதே மனிதர் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஸ்டெல்லா அக்கா அழவில்லை. பிரதியை மூடிக் கட்டின் மேல் வைத்தார். கைதான் அதிலிருந்து நகரவில்லை.

3. திறந்து பார்த்தது

என் மனதில் ஓடிய பட்டியல் இது. ஒன்று: அவர் பழைய கோப்பைத் தந்திருக்கலாம். இரண்டு: நாங்கள் தவறான இடத்தில் அதைப் போட்டிருக்கலாம். மூன்று: கோப்பு சரியாக இருந்து, அச்சு மட்டும் தவறியிருக்கலாம். மூன்றையும் பிரித்தறிய ஒரே வேலை போதும். அதை மட்டும் யாரும் செய்யவில்லை.

"சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லி, அந்தக் கோப்பைத் திறந்தேன்.

கட்டைவிரல் படத்தின் கீழே: பூமை உயர்த்து. விரல் சுழற்றும் படத்தின் கீழே: சுமையைத் தூக்கு. இரண்டும் சரி.

"பார்த்தியளா?" என்றார் ஸ்டெல்லா அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.

"அப்போ தேதி?" என்றான் வினோத்.

"அக்கா, உங்க ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல தேதி சரியா காட்டுமா?" என்று கேட்டேன்.

"எங்க காட்டும்! கன்டெய்னர் ஆஃபீஸுல்லா. ஜெனரேட்டரை நிறுத்தினா அதுவும் நின்னுபோகும். மறுநாள் போட்டா விட்ட இடத்துலயிருந்து ஓடும். நெட்டும் கிடையாது. நான் சுவர் காலண்டரைத்தான் பாப்பேன்."

மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டவேண்டிய மதர்போர்டு பேட்டரி தேய்ந்துபோன கணினி. அதன் கடிகாரம் இரண்டு வாரம் பின்தங்கியிருந்தது. அதனால் அவர் திருத்திய கோப்பில் அது போட்ட தேதி, எங்கள் முதல் ப்ரூஃபுக்கும் முந்தையது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடலாம். வினோத் பென்டிரைவிலிருந்து கோப்பை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கமாண்ட் கொண்டு எடுத்தான். அவன் கொடுத்த ஆப்ஷனில் கோப்போடு அதன் தேதியும் அப்படியே வரும். பிறகு, மூலக்கோப்புகளைக் கோத்து அச்சுக்கான பிடிஎஃபை உருவாக்கும் மேக் கமாண்டை ஓட்டினான். மேக் உள்ளே இருக்கும் வரிகளைப் படிப்பதில்லை. மூலக்கோப்பின் தேதியையும் பிடிஎஃப் தேதியையும் ஒப்பிடும். மூலம் பழையதாகத் தெரிந்தால், புதிதாகச் செய்ய எதுவும் இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். அப்படித்தான் காட்டியது. வினோத் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு, பக்க எண்ணிக்கையையும் விளிம்பையும் மட்டும் பார்த்துவிட்டு, பழைய பிடிஎஃபை அச்சுக்கு அனுப்பிவிட்டான். தப்பு வெளியே தெரிந்தபோதும் அதே தேதியைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டான். சாதாரண ஆள் யாராக இருந்தாலும் முதலில் கோப்பைத் திறந்து பார்த்திருப்பார். கமாண்ட் பழகியவர்களுக்கு மட்டுமே வரும் தப்பு இது.

அனில் சாரிடம் இதை எளிமையாகச் சொன்னேன். "சார், அவங்க கொடுத்தது சரி. எங்க யூனிட்ல அடிச்சதுதான் தப்பு. எங்க செலவுல மாற்றித் தர்றோம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, எத்தனை நேரம் ஆகும்?" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

4. ஒரே ஒரு தாள்

முழுவதையும் அடிக்கத் தேவையில்லை. நடுப்பக்கம் என்பதால் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும். மேக்கைக் கட்டாயப்படுத்தி எல்லாவற்றையும் புதிதாக ஓட்டினேன். அந்தத் தாளை மட்டும் பிரின்டருக்கு அனுப்பினேன். முதல் தாள் வந்ததும் ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு படங்களையும் விரலால் தொட்டுப் படித்த பிறகே மற்றவை ஓடின.

நடுவில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தி, பழைய தாளை எடுத்து, புதியதை வைத்து, மறுபடி பின் அடிக்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்தோம். அனில் சார் சட்டைக் கையை மடித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

"சேச்சி, நான் தேதியை மட்டும்தான் நோக்கினேன்" என்றான் வினோத், தலையைத் தூக்காமல். "ஸாரி."

"நீ தேதியைப் பாத்தது போதும். இப்போ பின்னைப் பாரு, கையில குத்தப்போகுது."

கடைசிக் கட்டு முடியும்போது அனில் சார் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்: "திங்கட்கிழமை நேரத்தே வரணும் ஸ்டெல்லா. சைகை கிளாஸை நீதான் எடுக்கணும். என் தமிழ் கேட்டா அவங்க சிரிக்கும்."

"வாறேன் சார். ஆனா ஒரு பேட்டரி வாங்கித் தந்திருங்க."

அனில் சார் காதில் விழாததுபோல் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஸ்டெல்லா அக்கா அடுத்த கட்டைத் தூக்கினார்.

இப்போது யூனிட்டில் இரண்டு பழக்கங்கள். கடைசி அச்சுக்கு முன் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டுவோம். அதை, மேக் பார்த்து நடக்கும் மேக்ஃபைலில் வினோத்தே எழுதிவைத்தான். இன்னொன்றை எந்த ஃபைலிலும் எழுத முடியாது. ஒருவர் "நான் திருத்தினேன்" என்று சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்பதற்கு ஆதாரம் தேடுவதற்கு முன், அவர் திருத்தியதைத் திறந்து படியுங்கள். நாம் மறந்தால் ஒருவர் திங்கட்கிழமை வேலைக்குப் போக முடியாமல் ஆகும்.