பாய் வடித்து வைத்த வயல்

காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டேன். கார்த்திகை மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. கூத்தாநல்லூர் போய்த் திரும்ப வாடகைக் காருக்கு இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். பின்சீட்டில் என் பக்கத்தில் திரவ நைட்ரஜன் குடுவை. ஆவி கசியும் என்பதால் நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னேன். ஏசி வண்டி என்று பேசிவிட்டு இதென்ன கூத்து என்று டிரைவர் முனகினார். மன்னார்குடி வரை அந்த முனகல் ஓயவில்லை.

எதற்கு இந்தப் பாடு என்றும் கேட்டார். நெல் நீரில் மூழ்கினால் அதற்குள் இருக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இறங்கிவிடும், தலை வெளியே வந்தால் ஏறிவிடும் என்றேன். ஒரு விதை வெள்ளத்தைத் தாங்குமா என்று கணிக்க, மூழ்கிய செடியில் அது எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு நீருக்குள்ளேயே இலையைக் கிள்ளி உடனே குடுவையில் உறைய வைக்க வேண்டும். அளப்பது பிறகு, ஆய்வகக் கருவியின் வேலை.

ஏழே முக்காலுக்குக் கூத்தாநல்லூரைத் தாண்டி வயலோரம் இறங்கினேன். வயல்காரர் துபாயில் கடை வைத்திருந்து திரும்பியவர். எல்லோரையும் போல நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். வருஷா வருஷம் சம்பா மூழ்குகிறது, தாங்கும் விதை எதுவென்று தெரிந்தால் போதும் என்று, நான் கேட்டவுடன் ஒரு வயலை வடிக்காமல் விட்டவர். அக்கம்பக்கத்தார் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தபோது இவர் மட்டும் பயிரை அழுகக் கொடுத்தார்.

அந்த வயலில் தண்ணீர் இல்லை. சேற்றில் சாய்ந்த நெல்லின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வரப்பில் வைக்கோல்கூடப் பரப்பியிருந்தார்.

"மேடம் தண்ணியில எறங்கி சிரமப்படக் கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே எறச்சுட்டேன். வரப்புல நின்னே பறிச்சுக்கலாம், பாருங்க."

நான் வரும்வரை தண்ணீர் நிற்கட்டும் என்றுதான் போனில் சொல்லியிருந்தேன். விருந்தாளி வருகிற நாளில் வாசலைப் பெருக்குகிற மனுஷர், அதை நான் வருகிற நாள்வரை என்று எடுத்துக்கொண்டிருந்தார். இந்த மழைக்கு மூழ்கிய வயல் எனக்கு வேறு இல்லை.

இருந்தும் குனிந்து இலைகளைக் கிள்ளிக் குடுவையில் போட்டேன். எழுந்த வெண்புகையைப் பாய் ஆசையாகப் பார்த்தார். கருவி ஏதோ ஓர் அளவு சொல்லத்தான் போகிறது. அது வெயில் பட்ட நெல்லின் அளவு, அவருக்கு எதற்கும் உதவாது. ஒரு வயல் பயிரைக் கொடுத்தவரிடம் எல்லாம் வீண் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் மனசு ஆறவில்லை.

நான் காரில் ஏறியதும் பாய் ஜன்னலருகே குனிந்து, இந்த விதை தாங்குமா என்று சொல்லிவிடுவீர்களா எனக் கேட்டார். பார்க்கலாம் பாய் என்றேன்.

"பத்தலைன்னா சொல்லுங்க மேடம். அடுத்த மழைக்கும் ஒரு வயல விட்டு வைக்கிறேன். நீங்க வர்றதுக்கு மொத நாளே வடிச்சுடறேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.